அந்த எண் மார்க் இல்லைங்க

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் ரோபோ வகுப்பு எடுக்கிறேன். மூளை அலையை அளக்கும் ஹெட்செட்டைப் பிள்ளைகள் தலையில் மாட்டி, அது தரும் எண்ணை வைத்துப் பொம்மைக் காடியை (காரை) ஓட்டுவார்கள். போன வாரம் ஓர் அம்மா, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க மகன் தலையில் குட்டினார். "மத்தவங்க காடியெல்லாம் ஓடுது, இவனுது நகரவே மாட்டேங்குது. மண்டையில ஒன்னும் இல்லையா சார்?" இந்த வருடம் இது ஐந்தாவது தடவை.

பையன் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தான். நெற்றி நிறையத் திருநீறு, அதில் தலையிலிருந்து வழிந்த தேங்காய் எண்ணெய். ஹெட்செட் சென்சார் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி மாட்டினேன். காடி ஓடியது.

அம்மாமார்களே, இந்த ஹெட்செட் மனசைப் படிக்காது. நெற்றியில் ஓர் உலோகத் துண்டு, காதில் ஒரு கிளிப், அவ்வளவுதான். தோலுக்கு வந்து சேரும் மூளை அலை, ஒரு வோல்ட்டை லட்சம் கூறு போட்டால் அதில் சில கூறுதான். பல் கடித்தாலே அது அமுங்கிவிடும். 'இடப்பக்கம் திரும்பு' என்று எவ்வளவு முக்கி நினைத்தாலும் திரும்பாது. 'கவனம்' என்று 0 முதல் 100 வரை வருவது, கம்பெனிக்காரன் சூத்திரம் போட்டு விநாடிக்கு ஒரு தடவை தரும் எண். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டியை நிறுத்த நாங்களே கண் சிமிட்டலைத்தான் வைத்திருக்கிறோம்!

ஹெட்செட்டுக்குள் இருக்கும் நியூரோஸ்கை கம்பெனி சிப்பில் சிக்னல் தரத்துக்குத் தனி எண் உண்டு. அதில் 200 வந்ததும் ஓர் அப்பா கைதட்டினார். ஐயா, உலோகம் தோலைத் தொடவே இல்லை என்று அர்த்தம். 0 வந்தால்தான் நல்லது.

இன்னொருவர் இந்த ஹெட்செட்டால் ஓடும்படி தாத்தாவின் சக்கர நாற்காலியில் பொருத்தித் தரச் சொன்னார். முடியாது என்றேன். லோரி வரும் தோட்டத்துச் சாலையில் ஒரு விநாடி தாமதம் போதும்.

சொந்தமாக சர்க்யூட் செய்யும் பெரிய பிள்ளைகளுக்கு: தலையில் ஒயர் இருக்கும்போது மடிக்கணினி சார்ஜரில் இருக்கவே கூடாது. பேட்டரியில் மட்டும் ஓட்டு. வீட்டுக் கரண்டால் சிக்னலில் கலக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறையும் என்பதற்காகத்தான் கழற்றச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். சார்ஜர் பழுதானால் கரண்டு தலைக்கு வரும்டா!

அப்புறம், திருநீறு வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கோயிலில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். வகுப்பு முடிந்து பூசிவிடுங்கள், போதும்.