பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரான மனச்சோர்வு

‘போஸ்ட்பார்ட்டம் டிப்ரெஷன்’ லத்தீன் வேர்களில் இருந்து வந்தது. ‘போஸ்ட்’ என்றால் பின், ‘பார்ட்டுஸ்’ என்றால் பிள்ளைப்பேறு. ‘டிப்ரெஷன்’ என்பதன் வேர்ப்பொருள் கீழே அமுக்குதல். வேரை மட்டும் பார்த்தால் ‘மன அழுத்தம்’ என்பதுதான் பொருந்தும். ஆனால் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை முதல் நுண்கடன் கட்டுகிற குடும்பம் வரை எல்லாரும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். இங்கே பேசுவது ஒரு வருத்தத்தை, அதாவது நோயை. அதற்கு ‘மனச்சோர்வு’தான் சரி.

‘பேறு’ என்பது ‘பெறு’ நீண்டு வந்தது. பாக்கியத்துக்கும் அதுவே பெயர். குறளில் ‘மக்கட்பேறு’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். பேறு பெற்றவள் அழலாமோ?

இலங்கையின் வன்னியில் இதற்குக் கைவசம் உள்ளவை இரண்டு சொற்கள்தான். ஒன்று ‘களை’. “பச்சை உடம்பு, களைப்பு இருக்கும்தானே” என்று பத்தியக் கறியோடு விட்டுவிடுவார்கள். மற்றது ‘சன்னி’. சந்நிபாதம் என்ற மருத்துவச் சொல் தேய்ந்து வந்தது. கேட்டதும் வீடே பயந்து நூல் கட்ட ஓடும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற வருத்தத்துக்கு ஊரில் பெயர் இல்லை. அதனால் அது ஒன்றில் களையாகிவிடும், அல்லது பேயாகிவிடும்.

பிள்ளை பிறந்து இரண்டு மூன்று நாளில் வருகிற அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான தாய்மாருக்கு வரும். இரண்டு கிழமைக்குள் அடங்கும். ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டரோன் இரண்டும் பேற்றோடு சடுதியாக இறங்குவதும் நித்திரை முறிவதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அதற்கு மேலும் நீண்டால், அல்லது முதல் வருடத்துக்குள் எப்போது தொடங்கினாலும், அது மனச்சோர்வாக இருக்கலாம். “பிள்ளை நித்திரையாத்தான் கிடக்குது மாமி, எனக்குத்தான் கண் மூட ஏலாமக் கிடக்கு. தூக்கவும் மனம் வருகுதில்லை.” இப்படி ஒருத்தி சொன்னால் அது சோம்பலும் இல்லை, நாவூறும் இல்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி வளர்முக நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு வருகிறது. அதில் பெரும்பகுதி மனச்சோர்வுதான். 2009 போரில் தாயையோ சகோதரியையோ இழந்து, கூலிக்குப் போகிற கணவனோடு தனிக் காணியில் இருக்கிற பெண்ணுக்கு இரவில் பிள்ளையை வாங்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

சன்னி என்று பழையவர்கள் அஞ்சியதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயிரம் தாய்மாரில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், குரல் கேட்பது, தொடர்பில்லாத பேச்சு, அறவே நித்திரையின்மை என்று வரும். அது வேறு வருத்தம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். துடக்கு கழியட்டும் என்று 31ஆம் நாள் வரை பார்த்திருக்கக் கூடாது.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் உண்டு, 1987இல் வெளியானது. கடந்த 7 நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா என்று போகும். பத்தாவது, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ‘ஓம்’ என்றால் மற்றப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையைக் கேட்பார், கொப்பூழைப் பார்ப்பார். அந்த நேரம், “மிஸ், எனக்கு மனம் சோர்ந்துபோய்க் கிடக்கு, இரண்டு கிழமைக்கு மேல” என்று தாய் சொன்னால் போதும். கிளினிக் வழியாக மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அனுப்பலாம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதேபோலத் தளர்த்தும் என்பதால் இரத்தமும் சோதிப்பார்கள். பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. பால் கொடுத்துக்கொண்டே போடக்கூடிய குளிசைகளும் உண்டு. வைத்தியரைக் கேட்காமல் இடையில் நிறுத்தக் கூடாது. போக்குவரத்து வசதியில்லாத ஊரென்றால், தேசிய மனநல உதவி இலக்கம் 1926.