பிளாசிபோ: போலி மருந்தா, மருந்துப்போலியா?

உறவினர் ஒருவருக்கு நாள்பட்ட மூட்டுவலி. புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படித்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். "உங்களுக்கு ஆய்வு மருந்தோ போலி மருந்தோ வழங்கப்படும்" என்றது அந்த வரி. விரலை அதன்மேல் வைத்தபடியே கேட்டார்: "போலி மருந்து வித்தா பிடிச்சு உள்ளே போடுவாங்க. இவங்க எழுதியே கொடுக்கிறாங்களே?"

நியாயமான கேள்வி. 'போலி மருந்து' என்றால் செய்தி படிக்கும் எவருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: கள்ளத்தனமாகத் தயாரித்து, நல்ல மருந்தின் உறையில் போட்டு விற்கும் சரக்கு. படிவம் சொல்ல வந்ததோ பிளாசிபோவை. பார்வைக்கு மருந்தைப் போலவே இருக்கும், உள்ளே வேலை செய்யும் மருந்துப் பொருள் இருக்காது. மாத்திரை என்றால் அதே நிறம், அதே அளவு, மேலே பொறித்த அதே எழுத்து. உள்ளே பால் சர்க்கரையோ மாவுச்சத்தோ. ஊசி என்றால் உப்புக் கரைசல். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்வார்கள். பொட்டலத்தில் வெறும் எண் மட்டும் இருக்கும். கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இதை 'இரட்டைக் குருட்டு ஆய்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். 'இருதரப்பும் அறியா ஆய்வு' என்றால் பொருளும் விளங்கும், யார் மனமும் புண்படாது.

சரி, பிளாசிபோ எங்கிருந்து வந்தது? லத்தீனில் அதற்கு 'நான் மகிழ்விப்பேன்' என்று பொருள். லத்தீன் விவிலியத்தில் சங்கீதம் எனப்படும் துதிப்பாடல்களின் வரி ஒன்று இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது: வாழ்வோர் நாட்டில் ஆண்டவரை மகிழ்விப்பேன். எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'நடப்பேன்'. தமிழ் விவிலியத்தின் 116ஆம் சங்கீதத்திலும் 'நடப்பேன்' என்றே படிக்கிறோம். கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போகையில் நடப்பது மகிழ்விப்பதாக மாறிவிட்டது. ஒரு மொழிபெயர்ப்பு வேறுபாட்டிலிருந்து உலக மருத்துவத்துக்கே ஒரு கலைச்சொல் கிடைத்திருப்பதை நினைத்தால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் இறந்தோருக்கான மாலை வழிபாட்டில் இந்த வரியைப் பாடுவார்கள். இறந்தவருக்கு உறவே இல்லாதவர்களும் ஆதாயத்துக்காக வந்து பாடியதால், 'பிளாசிபோ பாடுவது' முகத்துதி செய்வதற்குப் பெயரானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொல் மருத்துவத்துக்குள் நுழைந்தது. 1811இல் வெளிவந்த ஹூப்பரின் மருத்துவ அகராதி, நோயாளிக்குப் பயன் தருவதைவிட அவரை மகிழ்விப்பதற்கே கொடுக்கும் மருந்து என்று விளக்கம் தந்தது.

சொல் இப்படி வளர்ந்துகொண்டிருந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்கும் முறை தனியே பிறந்திருந்தது. அந்நாளில் உலோகக் கோல்களால் உடம்பை வருடி நோய் தீர்ப்பதாக ஒரு சிகிச்சை பரவியிருந்தது. 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் மரக்கோல்களுக்கு உலோகம் போல வண்ணம் பூசி ஐந்து நோயாளிகளை வருடினார். நால்வர் வலி குறைந்தது என்றார்கள். உலோகக் கோலுக்கும் அதே பலன்தான். கோலின் மகிமை அதோடு முடிந்தது.

அப்படியானால் அந்த நால்வரும் பொய் சொன்னார்களா? இல்லை. 1978இல் பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு, பிளாசிபோவால் வலி குறைந்தவர்களுக்கு நலோக்சோன் கொடுத்ததும் வலி கூடுவதைக் கண்டது. அபின் வகைப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. ஆக, நம்பிக்கை அபினைப் போல வேலை செய்யும் உடம்பின் சொந்த வலிநிவாரணியைச் சுரக்க வைக்கிறது என்று எண்ண இடம் கிடைத்தது.

எல்லை எது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2011இல் வெளியான ஆஸ்துமா ஆய்வில், மருந்தும் பிளாசிபோவும் 'மூச்சு எளிதானது' என்ற உணர்வை ஏறக்குறைய ஒரே அளவில் தந்தன. கருவியில் ஊதிப் பார்த்தபோது மருந்து எடுத்தவர்களுக்கு நுரையீரல் திறன் 20 சதவீதம் கூடியது; பிளாசிபோவுக்குச் சுமார் 7 சதவீதம், எதுவுமே எடுக்காதவர்களுக்கும் அதே 7. வலி, குமட்டல், களைப்பு போன்ற உணர்வுகளில் பிளாசிபோவுக்கு இடமுண்டு. சுருங்கிய மூச்சுக்குழலை அது விரிக்காது. இதை மறந்து மருந்தை நிறுத்துபவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதலைக் கொண்டுவருவதும் உண்டு. அதற்கு நோசிபோ என்று பெயர். பக்கவிளைவால், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தியிருந்த 60 பேரை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், ஸ்டாட்டினால் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. தொல்லை உண்மையானதுதான், அதன் பெரும்பகுதிக்குக் காரணம் ஸ்டாட்டின் அல்ல.

இப்போது தமிழுக்கு வருவோம். 'வெற்று மாத்திரை' பேச்சுக்கு நல்லது, ஆனால் ஊசிக்குப் பொருந்தாது. 'ஆறுதல் மருந்து' 1811இன் பொருளோடு நின்றுவிடுகிறது. என் தேர்வு, ஏற்கனவே புழக்கத்தில் இருக்கும் 'மருந்துப்போலி'. போல் என்ற வேரிலிருந்து வந்த போலிக்கு முதற்பொருள் 'ஒத்திருப்பது'. பள்ளி இலக்கணத்தில் முகம் என்பது முகன் என்றும், ஐந்து என்பது அஞ்சு என்றும் வருவதைப் போலி என்று படித்தோமே, அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னொன்று நிற்கிறது, அவ்வளவுதான். 'போலி மருந்து' என்னும்போது போலி அடைமொழியாகி மருந்தைக் குற்றம் சாட்டுகிறது. 'மருந்துப்போலி' என்றால் மருந்தின் இடத்தில் மருந்தைப் போல நிற்கும் பொருள். பிளாசிபோ எஃபெக்ட் அப்போது இயல்பாகவே 'மருந்துப்போலி விளைவு' ஆகிவிடும்.

உறவினரின் படிவ ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: "மருந்தோ மருந்துப்போலியோ தரப்படும். பின்னது பார்வைக்கு மருந்தைப் போல இருக்கும், அதில் மருந்துப் பொருள் இல்லை. எது வரும் என்பது உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது."

படித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்: "அப்போ இப்ப சாப்பிடுற வலி மாத்திரையை நிறுத்தணுமா?" மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு நெறி வகுக்கும், உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்கும்போது புதியதை அதோடு ஒப்பிட வேண்டும், தக்க காரணமில்லாமல் நோயாளியை மருந்துப்போலியோடு விட்டுவிடக் கூடாது என்கிறது அது. அந்தக் கேள்வியையும் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொடுத்தேன், மருத்துவரிடம் கேட்பதற்கு.