வெண்சால்வியா: பெயரும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘சேஜ்’ என்றால் முனிவர் என்றும் பொருள் உண்டு; ஆனால் ‘ஒயிட் சேஜ்’ எனப்படும் நறுமணப் புதரின் பெயரில் முனிவர் எவரும் இல்லை. அறிவரைக் குறிக்கும் ‘சேஜ்’ சுவைத்தல், அறிதல் என்னும் பொருளுடைய ‘சாபெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்தும், செடியைக் குறிக்கும் ‘சேஜ்’ நலமுற்ற, கேடற்ற எனப் பொருள்படும் ‘சால்வுஸ்’ என்ற சொல்லோடு உறவுடைய ‘சால்வியா’விலிருந்தும் வந்தவை. பிரெஞ்சில் இன்றும் ‘சாஜ்’, ‘சோஜ்’ என வேறுபட்டு நிற்கும் இவ்விரண்டும் ஆங்கிலத்தில் ஒலியாலும் எழுத்தாலும் ஒன்றாகிவிட்டன.

துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் அறிவியல் பெயர் சால்வியா ஆபியானா. ‘ஆபிஸ்’ என்றால் இலத்தீனில் தேனீ. பூக்களைத் தேனீக்கள் மொய்ப்பதால் வந்த பெயர் இது. தென் கலிபோர்னியாவிலும் அதையொட்டிய மெக்சிகோவின் பாகா கலிபோர்னியாவிலும் மட்டுமே இது இயற்கையாக வளர்கிறது. இலைகளை மூடியிருக்கும் நுண்மயிர்களே அவற்றுக்கு வெண்மை தருகின்றன. கசக்கினால் எழும் மணத்தில் நீலகிரித் தைலத்தின் சாயல் இருப்பது தற்செயலன்று. சினியோல் என்னும் வேதிப்பொருள் இரண்டிலும் மிகுதி.

சுமாஷ், கவீயா, குமேயாய் முதலிய அப்பகுதித் தொல்குடிகளுக்கு இது உணவும் மருந்தும் வழிபாட்டுப் பொருளும் ஆகும். விதையை மாவாக்கி உண்டனர்; சளிக்கு இலையைப் பயன்படுத்தினர்; வேட்டைக்குச் செல்லுமுன் மனித வாடையை மறைக்க இலையைக் கசக்கி உடலில் பூசிக்கொள்வதும் கவீயா மக்களிடம் இருந்தது. சடங்கில் இதன் புகை தூய்மை தருவதாகக் கருதுகின்றனர். இம்மண்ணின் மருந்தை விலைக்கு விற்கலாகாது என்பது அம்மக்களில் பலரின் நிலைப்பாடு. ஆனால் உலகச் சந்தையில் இலைக்கட்டுகள் விலைபோகத் தொடங்கியதும் திருட்டு அறுவடை பெருகியது. 2018இல் கலிபோர்னியாவின் வட எடிவாண்டா காப்பகத்தில் சுமார் 400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 180 கிலோ, செடியை அறுத்த நால்வர் கைதாயினர்.

தமிழில் இதற்கு மரபுப்பெயர் இல்லை. நம் மண்ணில் இல்லாத செடிக்கு அது இருக்கவும் இயலாது. ‘காட்டு சேஜ்’ என்பதும் பொருந்தாது, ஏனெனில் ஆங்கிலத்தில் ‘வைல்ட் சேஜ்’ என்னும் பெயர் நம் ஊர் உண்ணிச்செடிக்கும் வழங்குகிறது. மாசிபத்திரி, மரிக்கொழுந்து ஆகியவையோ சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூங்காக்களில் சிவந்து பூக்கும் இனத்தால் ‘சால்வியா’ நமக்குப் பழகிய சொல்லாகிவிட்டதால், ‘வெண்சால்வியா’ என்பதே தக்கது எனக் கருதுகிறேன். இதன் புகையைச் ‘சாம்பிராணிப் புகை’ என எழுதுவதும் பிழையாகும். சாம்பிராணி மரப்பிசின், இது இலை. ‘இலைப்புகை’ என்றால் போதும்.