தண்ணீர் பட்ட மருந்து எத்தனை நாள் தாங்கும்?

எல்லா மருந்தும் சிரப்பாகக் கிடைப்பதில்லை. இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைக்கு கேப்டோபிரில் எழுதியிருப்பார்கள். மெடிக்கலில் பெரியவர்களுக்கான மாத்திரைதான் இருக்கும். அப்போது மருந்தாளுநர் மாத்திரையைப் பொடித்து, திரவத்தில் கலந்து, மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு பாட்டிலில் தருவார். மாத்திரை அட்டையில் அச்சிட்ட தேதி அதோடு செல்லாது. தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து புதுக் கணக்கு.

கேப்டோபிரில் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரியும். இரண்டிரண்டு மூலக்கூறுகளாகக் கந்தக முனையில் ஒட்டிக்கொண்டு வேறு பொருளாகிவிடும். துளி இரும்போ செம்போ இருந்தால் இன்னும் வேகம். போர் தண்ணீர் கூடாது, சுத்திகரித்த நீர்தான் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் வெயில். 10 டிகிரி ஏறினால் இப்படிப்பட்ட வினைகள் பொதுவாக இரண்டு முதல் மூன்று மடங்கு வேகம் பிடிக்கும். கத்திரி வெயிலில் 38 டிகிரியில் கிடக்கும் சேலம் அம்மாபேட்டை வீட்டு அலமாரியையும் 8 டிகிரி ஃப்ரிட்ஜையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 8 முதல் 27 மடங்கு. ஏற்காட்டில் வெப்பம் குறைவுதான், ஆனாலும் அது ஃப்ரிட்ஜ் ஆகாது.

மருந்து கெடுவது ஒரு பக்கம், கிருமி வளர்வது இன்னொரு பக்கம். மருந்து கலக்கும் சாதாரண சர்க்கரைப் பாகு எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அவ்வளவு சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பெரும்பாலான பாக்டீரியாவுக்குத் தேவையான ஈரம் கிடைப்பதில்லை. ஊறுகாயை உப்பு காப்பது போலத்தான். இந்தக் காவல் உடையும் விதம் எனக்குப் பெரிய ஆச்சரியம். பகலில் சேலத்து வெக்கையில் வாங்கிய பாட்டில், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, இரவில் ஏற்காட்டுக் குளிரில் இருக்கிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் நீராவி மூடியிலும் கழுத்திலும் முத்து முத்தாகப் படியும், சொட்டி இறங்கும். பாகு கனமானது, சொட்டிய நீர் உடனே கலக்காது, மேலே மெல்லிய அடுக்காக நிற்கும். அந்த அடுக்கில் மட்டும் சர்க்கரை நீர்த்துப் போயிருக்கும். பூசணத்துக்கு அது போதும். அடியில் பாகு அதே அடர்த்தியில் இருக்க, மேற்பரப்பில் வெள்ளைப் படலம் வரும்.

கண்ணை நம்பவும் முடியாது. வாயால் குடிக்கும் நீர் மருந்தில் மில்லிக்கு 100 பாக்டீரியா, 10 பூஞ்சை என்ற அளவில்தான் அனுமதி, ஈ.கோலை இருக்கவே கூடாது. மில்லிக்கு ஒரு லட்சம் பாக்டீரியா இருந்தாலும் திரவம் தெளிவாகத்தான் தெரியும்.

சரி, கெடாமல் காக்கும் பதப்பொருள் சேர்த்தால் போதாதா? எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சோடியம் பென்சோவேட் அமிலத்தில்தான் வேலை செய்யும். பி.எச். என்பது அமில அளவு, எண் ஏறினால் அமிலம் குறைவு. பி.எச். 4.2-இல் அதில் பாதி வீரியமுள்ள வடிவில் இருக்கும், 6.2-க்கு ஏறினால் ஒரு சதவீதம்தான். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலோ அமிலத்தில் சிதைந்துவிடும், அதனால் காரமான சோடியம் பைகார்பனேட் கரைசலில் கலப்பார்கள். அங்கே பென்சோவேட் இருந்தும் இல்லாத கதைதான். மருந்துக்குப் பிடித்தது பதப்பொருளுக்குப் பிடிக்காது. மருந்தாளுநரின் திறமையே இந்த இழுபறியைச் சமாளிப்பதில்தான் இருக்கிறது என்பேன்.

இதனால்தான் அமெரிக்க மருந்தியல் தரநூல், தனி ஆய்வு இல்லாத நிலையில், பதப்பொருள் சேர்க்காத நீர்க் கலவைக்கு ஃப்ரிட்ஜில் 14 நாள், சேர்த்ததற்கு 35 நாள் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் நாமே தண்ணீர் ஊற்றிக் கலக்கும் டிரை சிரப்புக்கும் இதே ரசாயனம்தான். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கலந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்து, லேபிளில் சொன்ன நாளுக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்தில், முடித்துவிட வேண்டும். கலக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால், ஏற்காட்டில் அது 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சாதாரணக் கிருமிகளைக் கொல்ல அது தாராளம். ஆனால் நன்றாக ஆறிய பிறகே ஊற்றுங்கள். கலந்த தேதியை பாட்டிலிலேயே பேனாவால் எழுதுங்கள். குழந்தை வாயில் வைத்த சிரிஞ்சைக் கழுவாமல் திரும்ப உள்ளே விடாதீர்கள்.