நீலப் புள்ளி ஏன் பக்கத்துத் தெருவில் நிற்கிறது?

வேலூர் பாபு ராவ் தெருவில் ஏதாவது ஒரு லாட்ஜ் வாசலில் நின்று ஆட்டோ புக் செய்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் டிரைவரிடமிருந்து போன் வரும். "அண்ணா, எங்க நிக்கிறீங்க? மேப்புல பின்னாடி தெருவைக் காட்டுதே!" நாம் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறோம். போனில் இருக்கும் நீலப் புள்ளிதான் ஐம்பது மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. சிஎம்சிக்கு சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மொழி தெரியாது, தெருப் பெயர் தெரியாது, கூடவே நடக்க முடியாத நோயாளி இருப்பார். அவர்கள் நம்பியிருப்பது அந்தப் புள்ளி ஒன்றைத்தான்.

இப்படி ஆகும்போது எல்லோரும் சொல்வது, "ஜிபிஎஸ் சரியில்லை." ஆனால் அந்தப் புள்ளியை வைப்பது ஜிபிஎஸ் மட்டும் இல்லை. செயற்கைக்கோள் சிக்னல், அக்கம்பக்கத்து வைஃபை, செல்போன் டவர், போனுக்குள் இருக்கும் அசைவு உணரி, இவை எல்லாம் சொல்வதைக் கேட்டுவிட்டு, "அநேகமாக இங்கேதான்" என்று மென்பொருள் ஓர் இடத்தைக் கணிக்கிறது. இதில் யார் தவறாகச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. போனை ரீஸ்டார்ட் செய்வதும் ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவதும் அதற்கு அப்புறம்தான்.

முதலில் புள்ளியை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் வெளிர்நீல வட்டத்தைப் பாருங்கள். போன் தன் சந்தேகத்தைச் சொல்லும் வழி அது. வட்டம் சின்னதாக இருந்தால் போனுக்கு நம்பிக்கை அதிகம். பாதி ஊரை மூடுகிற அளவுக்குப் பெரிதாக இருந்தால், "டவரை மட்டும் வைத்துச் சொல்கிறேன், நம்பாதே" என்று பொருள். இதிலும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டில் அந்த வட்டம் 68 சதவீத நம்பிக்கைக்கு வரையப்படுவது. அதாவது மூன்றில் ஒரு தடவை நாம் வட்டத்துக்கு வெளியே இருந்தாலும் அது கணக்குப்படி சரிதான். வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பப் போகும்போது இத்தனை மீட்டர் துல்லியம் என்று ஒரு வரி வருமே, அதுவும் இதே எண்தான். அது 15, 20 என்று இறங்கும்வரை காத்திருந்து அனுப்பினாலே ஆட்டோக்காரரின் அலைச்சலில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

இனி செயற்கைக்கோள் பக்கம் வருவோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அவை நம் போனிடம் எதையும் கேட்பதில்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்று அவற்றுக்குத் தெரியவும் தெரியாது. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே சுற்றுகின்றன, அவ்வளவுதான். சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் போன் கணக்கிடுகிறது. செயற்கைக்கோள் நேர் தலைக்கு மேல் இருந்தால் அது ஏறக்குறைய 0.067 வினாடி. அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும்.

மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடத்தைக் குறித்துவிடலாம் என்றுதான் தோன்றும். சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம். போனில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ் படிகம். ஒரு மைக்ரோ வினாடி பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். அதனால் போன், "என் கடிகாரம் எவ்வளவு தவறு?" என்பதையும் தெரியாத கணியமாக வைத்துக்கொண்டு, நான்காவதாக ஒரு செயற்கைக்கோளையும் சேர்த்துக் கணக்கைத் தீர்க்கிறது. நான்கு என்பது குறைந்தபட்சம். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சேர்த்து இன்றைய போன்கள் திறந்த வெளியில் முப்பது நாற்பது செயற்கைக்கோள்களைக்கூடக் கேட்கும். நம் இஸ்ரோவின் நாவிக் அமைப்பை ஏற்கும் போன்களும் வந்துவிட்டன. 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்விஎஸ்-01, மற்ற நாட்டுச் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் எல்1 அலைவரிசையிலும் பேசுகிறது என்பதால் இனி அது இன்னும் பரவலாகும்.

இவ்வளவு தூரம் வந்து சேரும் சிக்னல் எவ்வளவு மெலிந்தது என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுதான் தரைக்கு வருகிறது. மேகமும் மழையும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கான்கிரீட் கூரை தடுக்கும், தகர ஷீட் நன்றாகவே தடுக்கும். வேலூர் வெயிலுக்குப் பயந்து கார் கண்ணாடியில் ஒட்டும் சன் ஃபிலிமில் உலோகப் பூச்சு இருந்தால் அதுவும் தடுக்கும். போனை முன் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தும் காருக்குள் மட்டும் புள்ளி தடுமாறினால், காரை நிறுத்தி வெளியே இறங்கி ஒரு நிமிடம் பாருங்கள். வெளியே சரியாகிவிட்டால் போன் மேல் குற்றமில்லை.

லாட்ஜ் தெருவில் நடப்பது தடுப்பதைவிட மோசமானது. அங்கே சந்து குறுகல், இரண்டு பக்கமும் நான்கைந்து மாடி. நேராக வர வேண்டிய சிக்னலைக் கட்டடம் மறைத்துவிடும். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியிலோ சுவரிலோ மோதித் திரும்பியது மட்டும் போனுக்குக் கிடைக்கும். கோட்டை அகழிக்கு இந்தப் பக்கம் வெடித்த வெடியை மதிலில் மோதி வந்த எதிரொலியாக மட்டும் கேட்டால், வெடி அந்தப் பக்கம் வெடித்ததாக நினைத்துக்கொள்வோம் இல்லையா, அதே கதைதான். சிக்னல் முப்பது மீட்டர் சுற்றி வந்தால் செயற்கைக்கோள் முப்பது மீட்டர் அதிகத் தூரத்தில் இருப்பதாகப் போன் எழுதிக்கொள்ளும். அப்படி இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். இதில் வருத்தமான விஷயம், வட்டம் சின்னதாக இருக்கும்போதே இது நடக்கலாம். தன்னை ஏமாற்றிய எதிரொலியைப் போன் உண்மை என்றே நம்பியிருக்கும்.

இதற்கு நல்ல மருந்து ஒன்று வந்திருக்கிறது. பழைய போன்கள் எல்1 என்ற 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை மட்டும் கேட்டன. 2018-ல் வந்த ஷியோமி மி 8-லிருந்து, எல்5 என்ற 1176.45 மெகாஹெர்ட்ஸ் சிக்னலையும் சேர்த்துக் கேட்கும் போன்கள் வரத் தொடங்கின. எல்5-ன் துடிப்புகள் பத்து மடங்கு நெருக்கமானவை. எல்1-ல் ஒரு துடிப்பின் நீளம் 293 மீட்டர். எல்5-ல் 29 மீட்டர்தான். அதனால் நேராக வந்ததையும் சுவரில் மோதி வந்ததையும் பிரித்துப் பார்ப்பது எளிது. புதுப் போன் வாங்குகிறவர் டெலிவரி வேலையிலோ ஆட்டோ தொழிலிலோ இருந்தால், கேமராவின் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் "டூயல் ஃப்ரீக்வென்சி ஜிபிஎஸ் இருக்கா?" என்று கேட்க வேண்டும் என்பேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இது தென்னாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும். வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் இருக்கிறது. சிக்னல் அதைக் கடக்கும்போது தாமதமாகும். பகலில், முக்கியமாகப் பிற்பகலில், அந்தத் தாமதம் பத்து மீட்டருக்கு மேலான பிழைக்குச் சமமாகும். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இந்த மண்டலம் அடர்த்தியாகவும் அமைதியில்லாமலும் இருக்கும். அந்தக் கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. 1963-ல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவியதற்கே காரணம் அதுதான். எல்1 மட்டும் உள்ள போன், செயற்கைக்கோள் அனுப்பும் ஒரு தோராயக் கணக்கை வைத்துப் பிழையில் ஏறக்குறைய பாதியைத்தான் கழிக்கும். இரண்டு அலைவரிசை கேட்கும் போன், இரண்டின் தாமதத்தையும் ஒப்பிட்டுப் பெரும்பகுதியைக் கழித்துவிடும். சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் பொழுது சாய்ந்த பிறகு சிக்னல் படபடப்பதும் உண்டு. அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை, கொஞ்ச நேரத்தில் அதுவே அடங்கும்.

அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்புகிறது என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறேன். ஒரு காலத்தில் அது உண்மை. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று திறந்த வானத்தின் கீழே நல்ல போன் ஒன்று ஐந்து மீட்டர் அளவில் சரியாகச் சொல்லும். நெடுஞ்சாலையில் போகும்போது, நீங்கள் மேம்பாலத்தில் இருக்கிறீர்களா, பக்கத்து சர்வீஸ் ரோட்டில் இருக்கிறீர்களா என்று மேப் குழம்புவது அந்த ஐந்து மீட்டரால்தான். உயரத்தில் பிழை இன்னும் அதிகம் என்பதால் உயரத்தை வைத்தும் அதனால் தீர்மானிக்க முடியாது. சத்துவாச்சாரிப் பக்கம் இறங்க வேண்டியவர்கள் குரல் சொல்வதை விட்டுப் பலகையைப் பார்த்து இறங்குவதே நல்லது.

வீட்டுக்குள் கதையே வேறு. அங்கே செயற்கைக்கோள் சிக்னல் போதாது, எனவே போன் வைஃபையை நம்புகிறது. எந்த வைஃபையிலும் இணைய வேண்டியதில்லை, பாஸ்வேர்டும் வேண்டாம். சுற்றியுள்ள ரவுட்டர்கள் தத்தம் அடையாள எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த எண் எந்த இடத்தில் கேட்கும் என்ற பெரிய பட்டியல் கூகுளிடமும் ஆப்பிளிடமும் இருக்கிறது. அதை வைத்து இருபது முப்பது மீட்டர் அளவில் இடத்தைச் சொல்லிவிடலாம். வில்லங்கம் எங்கே வருகிறது என்றால், காட்பாடியில் இருந்த குடும்பம் பாகாயத்துக்கு வீடு மாறும்போது ரவுட்டரையும் தூக்கிக்கொண்டு வருகிறது. பட்டியலில் அது இன்னும் காட்பாடி. புது வீட்டு ஹாலில் உட்கார்ந்து லொகேஷன் பார்த்தால் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காட்டும், வாசலுக்கு வந்தால் சரியாகிவிடும். ரவுட்டர் மாறிய வீடு என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வீட்டில் எல்லோரும் லொகேஷனை ஆன் செய்து உள்ளும் வெளியுமாகப் புழங்கிக்கொண்டிருந்தால் நாளடைவில் பட்டியல் தானே திருந்தும். அதுவரை வீட்டு லொகேஷனை வாசலில் நின்று அனுப்புங்கள்.

செட்டிங்ஸில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. ஆண்ட்ராய்டு 12-லிருந்தும் ஐபோனில் ஐஓஎஸ் 14-லிருந்தும் ஒவ்வொரு ஆப்புக்கும் துல்லியமான இடத்தைத் தரலாமா, தோராயமானது போதுமா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் தோராயம் என்று தட்டிவிட்டால், அந்த ஆப்பில் மட்டும் புள்ளி எங்கேயோ இருக்கும். ஓர் ஆப்பில் தவறாகவும் மற்றதில் சரியாகவும் காட்டினால் காரணம் அநேகமாக இதுதான். அப்புறம் பேட்டரி சேவர். அது ஆனில் இருந்தால் திரை அணைந்ததும் லொகேஷன் நின்றுபோகும் போன்கள் உண்டு. ஆண்ட்ராய்டில் லொகேஷன் அக்யூரசி என்ற பொத்தான் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள், வைஃபை உதவியைத் திறப்பது அதுதான்.

புள்ளி சரியான இடத்தில் இருந்து, அதிலிருந்து விரியும் வெளிச்சக் கூம்பு மட்டும் தலைகீழாக இருந்தால் அது செயற்கைக்கோள் சங்கதியே இல்லை. திசையைச் சொல்வது போனுக்குள் இருக்கும் காந்த உணரி. காந்த மூடி வைத்த கவர், பைக்கின் காந்த ஹோல்டர், பக்கத்தில் ஸ்பீக்கர், இவை போதும் அதைக் கெடுக்க. கவரைக் கழற்றிவிட்டு, போனைக் கையில் பிடித்து எட்டு வடிவத்தில் நாலைந்து முறை சுழற்றுங்கள். நடக்கத் தொடங்கிவிட்டால் அசைவை வைத்தே போன் திசையைப் பிடித்துவிடும்.

போனிலேயே கோளாறா என்று உறுதி செய்ய ஒரு வழி உண்டு. ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப்பை ஆண்ட்ராய்டு போனில் போட்டுக்கொண்டு, கோட்டை மைதானம் போல வானம் திறந்த இடத்தில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் எதிரே அதன் சிக்னல் வலிமையைச் சொல்லும் ஓர் எண் வரும். பல கோள்களுக்கு 35, 40 என்று இருந்தால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது. அதே போனை லாட்ஜ் சந்துக்குள் கொண்டுபோனால் எண்கள் மளமளவென்று இறங்குவதையும் பார்க்கலாம். மைதானத்திலேயே எல்லாம் 25-ஐத் தாண்டவில்லை என்றால் கவரைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால், அதுவும் சமீபத்தில் டிஸ்ப்ளேயோ பின்மூடியோ மாற்றியிருந்தால், ஆன்டெனாவின் தொடுமுனை சரியாக உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம். கடைக்காரரிடம் அதையே குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பது தவறு. ஜிபிஎஸ் சிக்னலைக் கேட்க நெட் தேவையே இல்லை. ஆனால் கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை அவை வினாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்புகின்றன. ஒரு கோளின் விவரம் முழுசாக வர அரை நிமிடம் ஆகும், மொத்தப் பட்டியலுக்குப் பன்னிரண்டரை நிமிடம். நெட் இருந்தால் போன் அதை நொடியில் இறக்கிக்கொள்கிறது. அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறுகிறவர்கள் கீழேயே, நெட் இருக்கும்போதே, லொகேஷனை ஒருமுறை பிடிக்க வைத்துவிட்டு, அந்தப் பகுதி மேப்பையும் இறக்கிக்கொண்டு போனால் போதும். மேலே போனபிறகு புள்ளி வர நேரமானால், மரத்தடியை விட்டு வெளியே வந்து போனை அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்திருங்கள்.

கடைசியாக, புள்ளி சரியாகவே இருந்தும் போய்ச் சேர்ந்த இடம் தவறாக இருக்கும் சங்கதி. கடையின் குறியை மேப்பில் யாரோ தள்ளி வைத்திருப்பார்கள், அல்லது தெருப் பெயரை மேப் வேறு நகரில் கண்டுபிடித்திருக்கும். போனில் எதை மாற்றினாலும் இது தீராது. கூகுள் மேப்பில் அந்த இடத்தைத் தொட்டு, திருத்தம் சொல்லும் பகுதியில் குறியைச் சரியான வாசலுக்கு நகர்த்தி அனுப்பலாம். அது ஏற்கப்படும்வரை வருகிறவர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையே அனுப்புங்கள். வாசலில் மேப்பை விரலால் அழுத்திப் பிடித்தால் அவை வரும். அந்த எண்களில் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர்வரை தள்ளிப்போகலாம், அதனால் எண்ணை முழுசாக நகலெடுத்து அனுப்புங்கள்.