தொலைத்திரையை அணைக்கும் பொத்தான் எங்கே?

ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட '1984' நாவலில், வின்ஸ்டன் ஸ்மித்தின் வீட்டுச் சுவரில் ஒரு தொலைத்திரை இருக்கும். சத்தத்தைக் குறைக்கலாம், முழுவதும் அணைக்க முடியாது. நாம் அதைப் பார்க்க, அது நம்மைப் பார்க்கும். ஆனால் அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் திரையின் கண் எட்டாத ஒரு மாடக்குழியில் உட்கார்ந்து வின்ஸ்டன் டைரி எழுதுகிறான். ஸ்மார்ட் டிவி இருக்கும் நம் வீடுகளில் அந்தத் தெளிவுகூட இல்லை.

பல ஸ்மார்ட் டிவிகளில் ஏசிஆர் என்ற நுட்பம் இருக்கிறது, திரையில் ஓடுவது என்ன என்று தானாக அடையாளம் காணும் முறை அது. கேமரா தேவையில்லை. திரையில் ஓடும் காட்சியிலிருந்து சில புள்ளிகளை எடுத்து, கைரேகை போல ஒரு குறியீடாக்கி சர்வருக்கு அனுப்பும். என்ன நிகழ்ச்சி, எந்த விளம்பரம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். "நாங்கள் செட் டாப் பாக்ஸில்தானே பார்க்கிறோம்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இது திரையைப் படிக்கும் நுட்பம். காட்சி கேபிளில் வந்தாலும் டிவிடியில் வந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

விசியோ என்ற டிவி நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் இப்படித் தகவல் திரட்டியதாக அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்தது. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த வசதிக்கு மெனுவில் இருந்த பெயர் 'ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி'. நாவலில் சித்திரவதைக் கூடத்துக்கு 'அன்பு அமைச்சகம்' என்று பெயர். கவனிக்க வேண்டியது இந்தப் பெயர்களைத்தான்.

ஏசிஆரை, சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்', சோனியின் சில மாடல்களில் 'சாம்பா இன்டராக்டிவ் டிவி' என்று தேடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி, டெர்ம்ஸ், ஜெனரல் ஆகிய பகுதிகளில் ஏதாவது ஒன்றுக்குள் இருக்கும். மாடலுக்கு மாடல், நாட்டுக்கு நாடு இடம் மாறும். இருந்தால் அணைத்துவிடுங்கள், படம் பார்ப்பதற்கு ஒரு குறையும் வராது. அடிக்கடி நடக்கும் தவறு, 'பர்சனலைஸ்டு ஆட்ஸ்' என்பதை மட்டும் அணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. அதனால் விளம்பரம் ஆளுக்கேற்ப வருவது நிற்கலாம். திரட்டல் நிற்க வேண்டுமானால் ஏசிஆர் பொத்தானைத் தனியாக அணைக்க வேண்டும். ஃபேக்டரி ரீசெட்டுக்கும் பெரிய அப்டேட்டுக்கும் பிறகு மறுபடி பார்த்துவிடுங்கள்.

டிவியில் உள்ள ஆப்களே வேண்டாம் என்றால் வைஃபையில் இணைக்காமலே வைத்துக்கொள்ளலாம், அதுதான் உறுதியான வழி. ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் அதன் பிரைவசி அமைப்பைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

புது டிவி மாட்ட வருபவர் அவசரத்தில் 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டுப் போய்விடுவார். அந்தத் திரை வந்ததும் ரிமோட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டாய நிபந்தனைகளை மட்டும் டிக் செய்யுங்கள். பார்வைத் தகவல், குரல் பதிவு, விளம்பரம் ஆகியவற்றுக்கான கட்டங்கள் பெரும்பாலும் விருப்பத்துக்கு உரியவை, காலியாக விட்டாலும் டிவி ஓடும்.