நேம்சேக்: பேரனா, பெயரொத்தவரா?

‘சும்மா நேம்சேக்குக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள்’ என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். பேச்சில் இது தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இப்படி ஒரு பொருளே கிடையாது. ‘பேருக்கு’, ‘ஒப்புக்கு’ என்று மனதுக்குள் தமிழில் நினைத்ததற்கு ஆங்கிலச் சட்டை மாட்டி அனுப்பியதால் வந்த கோளாறு. பேருக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள் என்றே சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

நேம்சேக் என்றால் பெயரால் உறவு கொண்ட ஆள், அல்லது ஊர். இது ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் முளைத்த சொல். நேம் என்பது பெயர். சேக் என்பது பொருட்டு, நிமித்தம். தமிழ் விவிலியம் வாசித்தவர்களுக்கு 23ஆம் சங்கீதத்தில் வரும் ‘தம்முடைய நாமத்தினிமித்தம்’ நினைவுக்கு வரும். பழைய ஆங்கில விவிலியத்தில் அந்த இடத்தில் நிற்பது இதே இரண்டு சொற்கள்தான். ஒருவருடைய பெயரின் பொருட்டு இன்னொருவருக்கு அதே பெயரை வைப்பது என்ற கருத்தில் பிறந்த சொல், காலப்போக்கில் தற்செயலாக ஒரே பெயர் அமைந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. அதோடு விட்டதா என்றால் இல்லை. இப்போது பெயரை வாங்கியவரும் நேம்சேக், பெயரைக் கொடுத்தவரும் நேம்சேக். மொழிபெயர்ப்பவர் தலையைச் சொறிவது இங்கேதான்.

சிட்னியை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் சிட்னி எல்லோருக்கும் தெரியும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது. உண்மையில் அதுதான் மூத்தது, 1785இல் உருவானது. ஆஸ்திரேலியச் சிட்னி 1788இல். இரண்டுக்கும் பெயர் கொடுத்தவர் ஒரே ஆள்: அன்றைய பிரிட்டிஷ் அமைச்சர் தாமஸ் டவுன்ஷெண்ட், அதாவது சிட்னி பிரபு. ஆக, ஊருக்கும் பிரபுவுக்கும் உள்ள உறவு ஒன்று. ஊருக்கும் ஊருக்கும் உள்ள உறவு வேறொன்று. முன்னது தகப்பன் பிள்ளை மாதிரி, பின்னது அண்ணன் தம்பி மாதிரி. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது.

இந்த அண்ணன் தம்பி குழப்பத்தில் மாட்டியவர்களும் உண்டு. 2002இல் பிரிட்டனைச் சேர்ந்த இளம் ஜோடி ஒன்று ஆஸ்திரேலியாவுக்குப் போவதாக நினைத்து இணையத்தில் பயணச்சீட்டு வாங்கிக் கனடாவின் சிட்னியில் போய் இறங்கியது. ஊர்ப்பெயர் சரிதான், கண்டம்தான் வேறு.

தவறு ஒரு நகராட்சிக்கே நேர்ந்ததும் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் 1871இல் இரும்புத் தொழிலை நம்பி ஒரு நகரம் தொடங்கியபோது, இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2008இல் இங்கிலாந்துப் பர்மிங்காமின் நகர மன்றம் தன் மக்களுக்காக 7,20,000 துண்டறிக்கைகள் அச்சிட்டது. அட்டையில் கம்பீரமாக நின்ற கட்டடங்கள் அலபாமா பர்மிங்காமுடையவை. பிள்ளையின் படத்தைத் தகப்பனின் அடையாள அட்டையில் ஒட்டியது போல.

கார்த்தேஜின் கதை இன்னும் ருசியானது. இன்றைய துனீசியாவில், பழங்காலக் கடல் வணிகர்களான பினீசியர்கள் அமைத்த அந்த நகரத்தின் பெயருக்கு அவர்கள் மொழியில் ‘புதிய ஊர்’ என்றே பொருள். அந்த வழிவந்தவர்கள் ஸ்பெயின் கடற்கரையில் இன்னொரு நகரம் கட்டி, அதற்கும் புதிய ஊர் என்றே பெயரிட்டார்கள். ரோமானியர்கள் வந்து, இரண்டையும் பிரித்துக் காட்ட இதன் பெயரோடு ‘புதிய’ என்று சேர்த்தார்கள். புதிய புதிய ஊர்! அதுதான் இன்றைய கார்த்தஹேனா. 1533இல் ஸ்பானியர்கள் அந்தப் பெயரைக் கடல் தாண்டிக் கொலம்பியாவுக்கும் கொண்டுபோனார்கள். தமிழில் பெயர் என்ற சொல்லுக்கு இடம் மாறு என்ற பொருளும் உண்டு என்பது இங்கே வேடிக்கையாகப் பொருந்துகிறது. பெயர்கள் பெயர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

சரி, மனிதர்களுக்கு வருவோம். 1899இல் வின்ஸ்டன் சர்ச்சில் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியவர் பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர். பெற்றவர் அமெரிக்க நாவலாசிரியர். அப்போது எழுத்துலகில் பெரிய பெயர் அமெரிக்கருடையது. வாசகர்கள் குழம்பக்கூடாது என்று, தன் எழுத்துகளில் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று போட்டுக்கொள்வதாகப் பிரிட்டிஷ்காரர் சொன்னார். தனக்கும் வேறு பெயர் ஏதாவது இருந்திருந்தால் அதைச் சேர்த்துக்கொண்டிருப்பேன் என்று அமெரிக்கர் பதில் எழுதினார். ஒருவர் பெயரை ஒருவர் எடுத்துக்கொள்ளவில்லை, அது தானாக அமைந்தது.

இப்படி அடைமொழி சேர்த்துப் பிரிப்பது நமக்குப் பழகியதுதான். சங்கப் புலவர்களில் கபிலர் இருக்கிறார், தொல்கபிலரும் இருக்கிறார். கண்ணன் பிறந்த மதுராவை ஆண்டாள் ‘வடமதுரை’ என்கிறார், ஒரு திசைச் சொல்லில் குழப்பம் தீர்ந்துவிட்டது.

அப்புறம் தமிழ்ச்சொல். முதல் பொருளுக்கு, அதாவது ஒருவர் பெயரைச் சூடியவருக்கு, நம்மிடம் அருமையான பழஞ்சொல் ஒன்று இருந்தது: பெயரன். நற்றிணையின் 40ஆம் பாட்டு ‘சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே’ என்று முடிகிறது. தன் தந்தையின் பெயர் தாங்கிய மகன் பிறந்ததால், தலைவன் நள்ளிரவில் கள்வன் போல வீட்டுக்கு வந்தானாம். தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் பெயரன். அது மருவிப் பேரன். பெயர்த்தி பேத்தியானாள். ஆக, நேம்சேக் என்ற ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளைத் தினமும் நம் வீடுகளில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், தெரியாமலே. ஆனால் பெயர் போய் உறவு மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்குத் தாத்தாவுக்குச் சம்பந்தமே இல்லாத பெயர் வைத்தாலும் பேரன் பேரன்தான். எனவே அந்தச் சொல்லைப் பழைய வேலைக்குத் திரும்பக் கூப்பிட முடியாது. ‘சிட்னி பிரபுவின் பெயரன்’ என்று ஊரைச் சொன்னால் வாசகர் சிரிப்பார்.

இரண்டாம் பொருளுக்கு, அதாவது தற்செயலாக ஒரே பெயர் அமைந்தவருக்கு, நாமராசிக்காரர் என்றொரு சொல் உண்டு. பிறந்த நட்சத்திரம் தெரியாதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வைத்து ராசி சொல்வார்கள், அது நாமராசி. பெயர் ஒன்றானால் ராசியும் ஒன்று என்ற கணக்கில் வந்த சொல். கொஞ்சம் கிண்டலும் கலந்த சொல் என்பதால் எனக்குப் பிடிக்கும். கதையிலும் கட்டுரையிலும் அழகாக உட்காரும். செய்திக்கு ஒத்துவராது, ஊருக்கு அறவே ஒத்துவராது.

ஆகவே ஒரே சொல்லைத் தேடி அலையாமல் மூன்றாகப் பிரித்துக்கொள்வதே நல்லது என்பது என் கட்சி. தற்செயலாக அமைந்தால் பெயரொத்தவர், பெயரொத்த ஊர். ஒருவரை நினைந்து வைத்திருந்தால் அவர் பெயர் கொண்டவர். பெயரின் ஊற்று எங்கே என்றால் பெயர் தந்தவர். சர்ச்சில்கள் பெயரொத்தவர்கள். அலபாமா நகரம் பர்மிங்காமின் பெயர் கொண்டது. சிட்னிக்குப் பெயர் தந்தவர் டவுன்ஷெண்ட். எங்கும் இடறவில்லை.

இந்த மூன்றிலும் அடங்காத ஒரு வகையும் இருக்கிறது. 2021இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத் தேர்தலில் போரிஸ் விஷ்னெவ்ஸ்கி என்ற எதிர்க்கட்சி அரசியல்வாதி போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர்களில் இருவர் தங்கள் பெயரையே போரிஸ் விஷ்னெவ்ஸ்கி என்று மாற்றிக்கொண்டார்கள். வேட்பாளர் படங்களில் பார்த்தால் தாடியும் வழுக்கையும்கூட அவரைப் போலவே. இவர்களைப் பெயரொத்தவர்கள் என்றால் பாவம் அந்தச் சொல். பெயரொட்டிகள் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.